மூக்குக்குப் பத்தியம்

அத்தியாயம் பதினான்கு

அந்தப் புதன்கிழமை காலையில் அல்சூரில் மழை பெய்ததா என்று எனக்கு உறுதியில்லை. பெய்தது என்கிறாள் சாந்தகுமாரி. மாடிக் கொடியிலிருந்து துணி எடுக்க ஓடியது நன்றாக நினைவிருக்கிறதாம். வானம் மூடியிருந்தது, அவ்வளவுதான் என்கிறாள் அவள் மருமகள் கிருத்திகா. இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். நான் மழையை விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வாரம் கிருத்திகா தலையில் கனகாம்பரம் என்று எழுதிவிட்டேன். அது தவறு. கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது. அவள் வைத்திருந்தது வாசமில்லாத பூ என்றால் இந்தக் கதைக்கே இடமில்லை. அது மல்லிகை. நெருக்கிக் கட்டிய ஒரு முழ மல்லிகை.

கனகாம்பரம் சாந்தகுமாரியின் பூ. இருபத்தெட்டு வருஷமாக அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பூ.

அவள் கணவர் அப்பாதுரை, அடுகோடியில் ஒரு எசென்ஸ் கம்பெனியில் முகர்ந்து பார்க்கும் வேலையில் இருப்பவர். பூவிலும் வேரிலும் பட்டையிலும் இறக்கிய சரக்கு அவர் மூக்கைக் கடந்துதான் வெளியே போகும். ஆரம்பத்தில் அங்கே டிரம் உருட்டும் கூலியாளாக இருந்தார். ஒருநாள் மூடி திறக்காத டிரம் ஒன்றின் பக்கத்தில் நின்று, "இதுக்குள்ள தண்ணி பூந்திருக்கு" என்றார். திறந்து பார்த்தார்கள், தண்ணீர் புகுந்திருந்தது. அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டு, மாடியில் தனி அறை. ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் மூக்கு ரூம். அவருக்கு வைத்த பெயர் மூக்கர்.

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். அன்று சாயங்காலமே சாந்தகுமாரியின் தலையிலிருந்து முல்லைச் சரம் இறங்கியது. அப்புறம் ஊதுபத்தி போயிற்று. முகப் பவுடர் போயிற்று. வாசமில்லாத சோப்பு வந்தது. கருவாட்டுக் குழம்பு என்றால் மறுநாள் கம்பெனிக்கு லீவாக இருக்க வேண்டும். ஒரு மூக்குக்காக ஒரு வீடே பத்தியம் இருந்தது. மகன் ரகு அந்தப் பத்தியத்திலேயே பிறந்து வளர்ந்து, ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து, போன வைகாசியில் ஈரோட்டிலிருந்து கிருத்திகாவைக் கட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டில் வாசம் ஆகாது என்று ரகு அவளிடம் சொல்லித்தான் வைத்திருந்தான். ஆனாலும் முதல் வெள்ளிக்கிழமை பழக்க தோஷத்தில் மல்லிகை வைத்துவிட்டாள். மாமனார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. பத்தியமெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று கிருத்திகா எடுத்துக்கொண்டாள்.

எனக்கு முல்லை கூடாது, மருமகளுக்கு மல்லிகை ஆகுமா? நாலு மாதமாகச் சாந்தகுமாரியின் நெஞ்சில் கிடந்த முள் அதுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

*

புதன்கிழமை சாதாரண நாள் அல்ல. சரக்கு பாஸ் பண்ணும் நாள்.

பெரிய இடத்துப் பெண்கள் முகம் கழுவும் நுரை ஒன்று, ஆறு மாதமாக அந்தக் கம்பெனியில் தயாராகிக்கொண்டிருந்தது. புளிக்கவைத்த அரிசித் தண்ணீர், வெட்டிவேர், நீல அல்லி. செயற்கை வாசனை ஒரு சொட்டு கிடையாது. அதனால் அரிசித் தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். கலந்து வைத்த இரண்டு டிரம்களில் எது பாட்டிலுக்குப் போகலாம் என்று அப்பாதுரை இன்று கையெழுத்துப் போடுவார். போட்டதும், வாங்குகிற கம்பெனியின் சார்பில் அவருக்குச் சால்வை போர்த்துகிறார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

வருகிற தை மாதம் அவருக்கு ஓய்வு. "இந்த ஒரு சரக்கு நல்லபடியா போயிட்டா மரியாதையா எறங்கிடுவேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புதுச் சட்டை எடுத்து, வாசம் போகட்டும் என்று சாந்தகுமாரியிடம் மூன்று தண்ணீரில் அலசக் கொடுத்தார்.

அன்று வீட்டில் தாளிப்பு இல்லை, காப்பி இல்லை. வெறும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

ரகுவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிருத்திகா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பட்டுப்புடவை கட்டி வந்து நின்றாள். பின்னலைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளையாக வழிந்தது மல்லிகை.

"இந்தப் புடவைக்கு எடுப்பா இருக்குங்களா அத்தை?"

சாந்தகுமாரி அந்தப் பூவையே பார்த்தாள். பாஸ் பண்ணும் நாளில் பக்கத்து வீட்டுக்காரி ஊதுபத்தி கொளுத்தினாலே ஜன்னலைச் சாத்துகிற மனுஷன்.

"என்ன ஏன் கேக்குற? உங்க மாமாவக் கேளு" என்றாள்.

அப்பாதுரை கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். மருமகளைப் பார்த்தார். பூவையும் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஜல்தி வாங்க, ஆட்டோ வந்துடுச்சி."

"இன்னிக்கு பாஸ் பண்ற நாளுங்க" என்றாள் சாந்தகுமாரி.

"தெரியும்."

"இல்ல, சொன்னேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவள் வாசல் கதவைப் பூட்டினாள். ஒருமுறைக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

*

ஆட்டோவில் கிருத்திகா நடுவில் உட்கார்ந்தாள். அந்த மூன்று சக்கர இருட்டுக்குள் மல்லிகை மெல்ல மெல்ல நிறைந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் காற்று உள்ளே வந்து அதைக் கிளறிவிட்டுப் போயிற்று. தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

சாந்தகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மனசுக்குள் இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, ஒன்றையொன்று பார்க்காமல்.

ஒன்று, இந்த மல்லிகை.

மற்றது, ஞாயிற்றுக்கிழமைகள்.

மாசி மாதத்திலிருந்து அப்பாதுரை கம்பெனியிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்கள் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எவர்சில்வர் தட்டில் அவற்றை வரிசையாக வைப்பார். காகிதக் கீற்றை நனைத்து அவளிடம் நீட்டுவார்.

"சாந்தா, இது உனக்கு எப்படி இருக்கு?"

இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே இல்லை. வாசனை அவருடைய ராஜ்யம். அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது.

"வாசமாத்தான் இருக்கு."

"அது தெரியுது. எதப்போல இருக்கு? உனக்கு என்னா ஞாபகம் வருது?"

அவள் யோசிப்பாள். அவர் காத்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே யாரோ பந்து உதைக்கும் சத்தம் கேட்கும். நேரம் போவதே தெரியாது. கடைசியில் அவள் எதையோ சொல்வாள், அவர் தலையை ஆட்டுவார். சில சமயம் சிரிப்பார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு அப்படி உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை ராத்திரியே அவளுக்கு ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடும்.

மருமகளுக்கு மல்லிகையை விட்டுக்கொடுக்கிற மனுஷனும், ஞாயிற்றுக்கிழமை தன்னிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனும் ஒரே ஆள்தானா? இரண்டில் எதை நம்புவது? ஆட்டோ ஓசூர் ரோட்டு நெரிசலில் நின்றது. பக்கத்தில் ஒரு லாரி புகை விட்டது. அப்பாதுரை முகம் சுளிக்கவில்லை.

அதையும் அவள் பார்த்தாள். ஆனால் அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை.

*

மூக்கு ரூம் வாசலில் மேனேஜர் ஆம்ப்ரோஸ் நின்றிருந்தார். அப்பாதுரை டிரம் உருட்டிய காலத்திலிருந்தே பழக்கம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"வாங்க சிஸ்டர், வாங்க! வாம்மா மருமகளே! ஐயோ, நில்லு நில்லு. இன்னா இது?"

கிருத்திகா திகைத்து நின்றாள்.

"மல்லிப்பூவோட மூக்கு ரூமுக்குள்ளயா? போன வருஷம் எங்க ஆளு ஒருத்தன் தலைக்கு எண்ணெ வச்சிக்கினு வந்துட்டான். மூக்கர் அவன கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சிட்டாரு. நாலு மணி வரைக்கும்!"

"மாமா ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"சொல்லலியா?" ஆம்ப்ரோஸ் அப்பாதுரையின் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா சிஸ்டர், மருமகள்னா வேற சட்டம். நம்மள மாதிரி ஏழைங்களுக்குத்தான் கேட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதுரையும் சிரித்தார். கிருத்திகா பூவை எடுத்து டிபன் டப்பாவில் போட்டு மூடி, வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்தாள். சாந்தகுமாரி சிரித்தாளா என்று யாரும் கவனிக்கவில்லை.

உள்ளே வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை. ஜன்னலில் திரைகூட இல்லை. எந்த வாசமும் இல்லாத அந்த அறை அவளுக்குத் தன் வீட்டைப்போலவே இருந்தது. மேஜைமேல், டிரம்முக்கு ஒன்றாக எடுத்துவைத்த மாதிரி, மூடிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டு. ஓரத்தில், மடிப்புக் கலையாத சால்வை.

வாங்குகிற கம்பெனியிலிருந்து ரக்ஷிதா வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கன்னடக்காரப் பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது. சாந்தகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்களப் பார்க்கணும்னுதான் வரச் சொன்னேன். அங்கிள் எழுதுற ரிப்போர்ட் இருக்கே, சூப்பர். நாங்க இதுவரைக்கும் பத்துப் பதினஞ்சு இடத்துல பார்த்தோம். எல்லாரும் 'ஃப்ரெஷ்', 'மைல்ட்' அப்படித்தான் எழுதுவாங்க. அங்கிள் மட்டும்தான் இப்படி."

"போன வருஷம் எல்லாருக்கும் கரி வேணும்" என்றார் ஆம்ப்ரோஸ். "மூஞ்சியில கரி பூசிக்கினாங்க. அதுக்கு முன்னாடி மஞ்சள். இப்ப எங்க பாத்தாலும் அரிசித் தண்ணி. ஆனா மூக்கர் எழுதினத வச்சித்தான் இவங்க இந்தச் சரக்கையே எடுத்தாங்க."

"சார், அந்தப் புடவை லைன் படிங்க. ஆன்ட்டி கேக்கட்டும். அதை நாங்க டப்பாமேல போடப் போறோம்."

ஆம்ப்ரோஸ் கோப்பைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பைபிள் வாசிக்கிற குரலில் படித்தார்.

"அரிசித் தண்ணீர். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின காட்டன் புடவையை, சூடு ஆறுறதுக்கு முன்னாடி கட்டிக்கிட்ட மாதிரி."

சாந்தகுமாரி நிமிர்ந்தாள்.

"வெட்டிவேர். கரண்ட் போன மத்தியானம், ஃபேன் நின்னப்புறம் வர்ற அமைதி மாதிரி. நீல அல்லி. யாரோ குளிச்சிட்டு இப்பத்தான் இந்த வழியா போன மாதிரி. ஆள் யாருன்னு தெரியல."

அவளுடைய வாக்கியங்கள். ஒரு எழுத்து மாறாமல். கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். பங்குனி வெயிலில், அந்த எவர்சில்வர் தட்டுக்குப் பக்கத்தில்.

முதலில் அவளுக்கு வந்தது பெருமை. நான் உளறியதை இந்த மனுஷன் ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறாரே.

பெருமைக்குப் பின்னாலேயே ஒரு கேள்வி வந்தது. இவர் எதற்கு என் வார்த்தையை எழுத வேண்டும்? இவருக்கு இல்லாத மூக்கா?

அந்தக் கேள்வி அவளுக்குள் அப்படியே நின்றது. ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு விஷயங்களும் மெதுவாகத் திரும்பின. மல்லிகை. லாரிப் புகை. ஆனி மாதத்தில் ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வீடு முழுக்கப் பரவியபோது மாடியிலிருந்து கிருத்திகாதான் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அடுப்படியிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மார்கழியில் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தாரே. அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் எந்த வாசத்துக்கும் கத்தவில்லை.

மருமகளுக்குச் சலுகை இல்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைகள்?

அவள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

"ஆரம்பிக்கலாமா மூக்கரே?" என்றார் ஆம்ப்ரோஸ். "மெஷின் ரெண்டையும் ஓகே சொல்லிடுச்சி. நீங்க ஒண்ணக் காட்டுங்க. அது நேரா பாட்டிலுக்கு."

"எத்தனை பாட்டில்?" என்று கிருத்திகா ஆர்வமாகக் கேட்டாள்.

"நாலாயிரம். எல்லாம் தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கு" என்றாள் ரக்ஷிதா.

அப்பாதுரை வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். குடுவைகளின் மூடியைத் திறந்து, இரண்டு காகிதக் கீற்றுகளை நனைத்தார். பழகிய கை, துளி சிந்தவில்லை. முதல் கீற்றை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

சாந்தகுமாரி மேஜையிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். முதல் குடுவையிலிருந்து கஞ்சி போட்ட புடவை வந்தது, கரண்ட் போன மத்தியானம் வந்தது, யாரோ குளித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது குடுவையிலிருந்தும் அதேதான் வந்தது. ஆனால் அந்தப் புடவைக்கு அடியில் வேறொன்று இருந்தது. மிக மெல்லிசாக. இட்லி மாவு மூன்றாம் நாள் பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டு, மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதன் முதல் மூச்சு. ஒரு பகல் போனால் ஊருக்கே தெரியும்.

அப்பாதுரை இரண்டாவது கீற்றையும் முகர்ந்தார். மறுபடி முதல். மறுபடி இரண்டாவது.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பாரே, அதே பார்வை. உனக்கு எப்படி இருக்கு சாந்தா? ஆனால் இங்கே வாய்விட்டுக் கேட்க முடியாது.

ஒரு தலையசைப்பு போதும். முதல் குடுவையை அவள் கண்ணால் காட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். சால்வை வரும். தை மாதம் மரியாதையோடு இறங்கிவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. அவள் இன்னும் கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம், அவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அப்பாதுரையின் குரல் கேட்டது.

"ரெண்டாவது."

"சபாஷ்!" ஆம்ப்ரோஸ் பேனாவை நீட்டினார். ரக்ஷிதா கைதட்டினாள். கிருத்திகா போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானாள்.

"வேணாங்க" என்றாள் சாந்தகுமாரி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் எதுவும் தப்பாது.

"இன்னா சிஸ்டர்?"

"அது கெட்டுப் போச்சுங்க. அரிசித் தண்ணி பதம் தாண்டிடுச்சி. மொதல்ல இருக்கிறதுதான் நல்லாயிருக்கு."

ஆம்ப்ரோஸ் இரண்டு கீற்றுகளையும் வாங்கி மாறி மாறி முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். ரக்ஷிதா வாங்கிப் பார்த்தாள்.

"ஹௌதா? அப்படியா? ரெண்டும் ஒண்ணுதானே ஆன்ட்டி?"

"அத்தை" என்று கிருத்திகா மெல்ல அவள் தோளைத் தொட்டாள். "மாமா சொல்லிட்டாருங்களே."

அவ்வளவுதான். ஒரு பக்கம் இருபத்தெட்டு வருஷ மூக்கு. இன்னொரு பக்கம் சால்வையைப் பார்க்க வந்த ஒரு பெண்பிள்ளை. சாந்தகுமாரிக்கு முகம் சிவந்தது. காது மடல் எரிந்தது. யாரையும் பார்க்காமல் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க மூக்கரே" என்று சிரித்தார் ஆம்ப்ரோஸ். "வூட்டம்மா உங்க சரக்க ரிஜெக்ட் பண்றாங்க. இன்னா பண்ணலாம்?"

எல்லோரும் அப்பாதுரையைப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டால் போதும். 'அவளுக்கு என்ன தெரியும்' என்று ஒரு வார்த்தை போதும். பேனா அவர் கையில் இருந்தது.

அவர் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கோடவுனில் யாரோ டிரம் உருட்டும் சத்தம் தூரத்து இடிபோல வந்து ஓய்ந்தது. மறுபடி வந்து ஓய்ந்தது. அவர் நகரவில்லை. ஆம்ப்ரோஸின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கியது.

அப்பாதுரை பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இன்னா சொல்றீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியல ஆம்ப்ரோஸ். மார்கழியிலேர்ந்து எதுவுமே தெரியல. பூவும் தெரியல, புகையும் தெரியல." வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "நீ படிச்சியே அதெல்லாம் நான் எழுதினது இல்ல. அவ சொன்னது. நான் கேட்டு எழுதிக்கினேன்."

கிருத்திகா கையிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது.

ஆம்ப்ரோஸ் நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாந்தகுமாரியைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோல.

"ரெண்டு பேரும் ஒரே வூட்லதானே பத்தியம் இருந்தீங்க" என்றார்.

*

எது கெடுகிறது என்று பார்க்கக் குடுவைகள் இரண்டையும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தார்கள். கேன்டீனில் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து ரக்ஷிதா இரண்டாவது குடுவையின் மூடியைத் திறந்தாள், உடனே மூடினாள். முகமே பதில் சொல்லிவிட்டது. ஆம்ப்ரோஸ் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாதுரையைப் பார்த்தார், சாந்தகுமாரியைப் பார்த்தார். யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் அதை மறுபடி மடித்தார்.

திரும்பும்போது ஏரிக்கரையில் இறங்கிக்கொள்கிறோம் என்றார் அப்பாதுரை.

"நான் முன்னாடி போய் டீ போட்டு வைக்கிறேனுங்க அத்தை" என்று கிருத்திகா அதே ஆட்டோவில் போய்விட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. தன் தலையில் இருந்த பூ இந்த வீட்டில் எத்தனை பேர் மனசை அறுத்திருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இருவரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தண்ணீருக்கு நடுவே இருந்த தீவில் கொக்குகள் இருந்தன. மூன்று மணி வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் சாந்தகுமாரி.

"சொன்னா நீங்கெல்லாம் பத்தியத்த வுட்டுடுவீங்க."

"வுட்டா என்னா?"

அவர் தரையைப் பார்த்தார். "வூட்ல எல்லாரும் எனக்காக வாசம் இல்லாம இருக்கீங்க. அது ஒண்ணுதான் நான் இன்னும் மூக்கர்னு சொல்லிச்சு. அதுவும் போயிட்டா நான் யாரு?"

"அப்ப கிருத்திகா வச்சப்ப மட்டும்?"

"பூவ கண்ணால பாத்தேன். கத்தணும்னுதான் நெனச்சேன். கோவம் வரல சாந்தா. வாசம் வந்தாத்தானே கோவம் வரும். பொய்க்குக் கத்த எனக்கு வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். ஒரு கொக்கு எழுந்து தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்து மறுபடி அதே மரத்தில் போய் உட்கார்ந்தது. அது உட்காரும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமைல கேப்பீங்களே" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அது ரிப்போர்ட்டுக்குத்தானா?"

அப்பாதுரை செருப்பு நுனியால் தரையைக் கீறினார்.

"மொதல்ல ரிப்போர்ட்டுக்குத்தான் கேட்டேன்" என்றார்.

"அப்புறம்?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். அவளும் தண்ணீரைப் பார்த்தாள். அவசரம் எதுவும் இருக்கவில்லை. அவர் கடைசிவரை சொல்லவில்லை. அவளும் இரண்டாம் முறை கேட்கவில்லை. வெயில் சாய்ந்ததும் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

*

அந்த வாரம் முடிந்தபோது நிலவரம் இதுதான். முதல் டிரம் பாட்டிலுக்குப் போயிற்று. இரண்டாவது டிரம்மைக் கொட்டிவிட்டார்கள். ரக்ஷிதாவின் டப்பாமேல் அந்தப் புடவை வாக்கியம் அச்சாகிறது. அதன் கீழே யார் பெயரும் இல்லை. கம்பெனி அப்பாதுரையை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஒரு மாதம் லீவு கொடுத்திருக்கிறது. காது மூக்கு தொண்டை டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, வாசம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். ரகு தினமும் ஒயிட்ஃபீல்டிலிருந்து மத்தியானம் போன் பண்ணி அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறான். கிருத்திகா மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டாள்; நீ செய்ததில் தப்பே இல்லை என்று மாமியார் சொல்லிவிட்டாள். சால்வை ஆம்ப்ரோஸின் பீரோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கே வந்து, திங்கள் காலை ஒன்பது மணிக்கு மூக்கு ரூமுக்கு வர முடியுமா என்று சாந்தகுமாரியைக் கேட்டுவிட்டுப் போனார். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.